அணைக்கட்டும் அகராதியும்: காவிரிப் படுகையில் ஆங்கிலச் சொல்வளம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களில் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும், போட்டித் தேர்வு நூல்களை அடுத்து ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் நூல்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அமெரிக்கரான நார்மன் லூயிஸ் 1949-இல் வெளியிட்ட ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ அவற்றுள் பலரும் அறிந்தது. அயல்நாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளை முன்னிட்டு அகரவரிசையில் தொகுக்கப்பட்ட சொற்பட்டியல்களும் அங்கே உண்டு. நாளொன்றுக்கு இருபது சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டு அவற்றை உருப்போடும் மாணவர்கள் நம் கல்லூரிகளில் பலர். அவர்களுள் கணிசமானோர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். இரண்டு காரணங்களால் அக்கறை உண்டு. முதலாவது, இந்தப் படுகையில் ஆங்கிலச் சொல்வளத்துக்குப் பெயர்பெற்றோர் வரிசை ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உண்டு. அவர்கள் அவ்வளத்தை எவ்வாறு பெற்றார்கள், அது அவர்களுக்கு என்ன தந்தது, யாரை வெளியே நிறுத்தியது என்ற வரலாறு இன்றைய மாணவருக்குச் சொல்லப்படுவதில்லை. இரண்டாவது, அந்தச் சொற்பட்டியல்களில் நம் வயல்வெளியிலிருந்தே போன சொற்கள் சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் மாணவர் சிலரைப் பற்றியது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது நமக்குப் புதிய பழக்கமன்று. தமிழின் நிகண்டுகளுள் மிகப் பழமையானதாகக் கருதப்படும் திவாகரம், அம்பர் என்னும் ஊரின் தலைவனான சேந்தனின் ஆதரவில் இயற்றப்பட்டது. அதனாலேயே ‘சேந்தன் திவாகரம்’ என்று பெயர் பெற்றது. அந்த அம்பர் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் அரிசிலாற்றங்கரையில் உள்ளது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டுச் சூத்திரங்களைப் பாடம் செய்தார்கள். ஆயினும் நிகண்டின் அமைப்பை நோக்கினால் இன்றைய பட்டியலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு புலப்படும். திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று உலகத்தை வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு வகையிலும் சொற்களைத் தொகுக்கும். ஒரு சொல் பல பொருள் தருவதற்கு ஒரு தொகுதி. எண்ணிக்கையால் ஒன்றாக வழங்கும் பல பொருள்களுக்கு ஒரு தொகுதி. மாணவன் ஒரு சொல்லை அதன் சுற்றத்தோடு சேர்த்தே கற்றான். அகரவரிசை தேடுவதற்கு வசதியானது. கற்பதற்கு அது ஏற்றதன்று. இந்த வேறுபாட்டை நிகண்டு செய்தோர் அறிந்திருந்தார்கள் எனலாம்.

ஆங்கிலச் சொல் இப்படுகைக்குள் வந்த வழியும் விந்தையானது. கடற்கரையில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். அவர் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். அதே சபையைச் சேர்ந்த ஃபாப்ரீசியுஸ் என்னும் ஜெர்மானியர் தயாரித்த தமிழ் – ஆங்கில அகராதி 1779-இல் சென்னை வேப்பேரியில் அச்சாயிற்று. அதனைத் திருத்தி விரித்து 1897-இல் வெளியிட்டது தரங்கம்பாடி அச்சகமே. அந்த அகராதியின் பிற்காலப் பதிப்பு இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கும் வகையில் கிடைக்கிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் இணைத்த பாலத்தின் முதல் தூண்கள் சிலவற்றை நட்டவர்களுக்கு இவ்விரண்டும் தாய்மொழி அல்ல என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தஞ்சையில் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டவரும் ஜெர்மானியரே. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார் பின்னர்த் தஞ்சையில் தங்கினார். அப்போது தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனின் திட்டப்படி தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. 1787-இல் கம்பெனியின் இயக்குநர் அவை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் அனுமதித்தது. மெக்காலேயின் குறிப்பு 1835-இல் தான் எழுதப்பட்டது. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சையில் ஆங்கில எழுத்துகளைப் பிள்ளைகள் கூட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஷ்வார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர் இரண்டாம் சரபோஜி. பின்பு சென்னைக்கு அனுப்பப்பட்டு அங்கும் கற்றார். 1798-இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே ஆட்சிப் பொறுப்பு கம்பெனியிடம் போய்விட, கோட்டையும் பட்டமும் மட்டுமே அவரிடம் எஞ்சின. நாட்டை இழந்த அரசர் நூல்களைச் சேர்த்தார். சரஸ்வதி மகாலில் இன்றும் பாதுகாக்கப்படும் அச்சு நூல்களுள் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியின் 1784-ஆம் ஆண்டுப் பதிப்பும், லவாய்சியேயின் வேதியியல் நூலும் உண்டு. 1826-இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், லினேயஸ், லவாய்சியே, புஃபோன் ஆகியோரின் கருத்துகளை அரசர் சரளமாக எடுத்துரைத்ததை வியந்து எழுதினார்.

அந்தப் பெயர்ப்பட்டியலைச் சற்று உற்றுநோக்க வேண்டும். லினேயஸ் தாவரங்களுக்குப் பெயரிட்டவர். லவாய்சியே வேதிப்பொருள்களின் பெயர்களை ஒழுங்கு செய்தவர். புஃபோன் விலங்குகளை விவரித்தவர். சரபோஜி ஆங்கிலச் சொற்களைப் பொருள்களோடு சேர்த்தே கற்றிருக்கிறார். மூலிகை, மருத்துவம், பறவை, இயந்திரம் என்று அவர் ஈடுபட்ட துறைகளின் தேவையே அவருடைய அகராதியைப் புரட்டியது. ஒருவகையில் திவாகரத்தின் வழி அது: மரப்பெயர்த் தொகுதி, விலங்கின்பெயர்த் தொகுதி. மராத்தி, தமிழ், வடமொழிச் சுவடிகள் நிறைந்த மாளிகையில் அமர்ந்து அவர் அதனைச் செய்தார் என்பதையும் மறக்கலாகாது.

அரசருக்கு அறிவாக இருந்த ஆங்கிலம், அடுத்த இரு தலைமுறைகளில் குடிகளுக்குப் பிழைப்பாயிற்று. 1854-இல் கும்பகோணத்தில் தொடங்கிய அரசுப் பள்ளி, 1867-இல் கல்லூரியாக உயர்ந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரும் அவருடன் பணியாற்றிய கோபால ராவும் அதனைப் புகழ்பெறச் செய்தனர். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதனைச் சொல்லும் வழக்கு உண்டாயிற்று. போர்ட்டரின் பெயரில் நகரமன்றமும் கோபால ராவின் பெயரில் நூலகமும் கும்பகோணத்தில் அமைந்தன. காவிரிக்கரையிலிருந்த அந்த வகுப்பறைகளிலிருந்து வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அலுவலர்களும் ஆசிரியர்களும் புறப்பட்டுப் போனார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நிலமும் ஏட்டுக் கல்வியும் ஏற்கெனவே உடைய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அந்நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் அந்த வாசலுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

அந்த வாசலில் ஆங்கிலம் தடியாகவும் நின்றது. 1904-இல் உதவித்தொகையுடன் அக்கல்லூரியில் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெல்ல முடியவில்லை. அவர் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானதும் உலகறிந்தவை. உலகின் தலைசிறந்த கணித மூளைகளுள் ஒன்றை ஆங்கிலக் கட்டுரை வாசலில் நிறுத்திவைத்த நகரம் அது என்பதை நாம் பெருமையோடு மட்டும் நினைவுகூர முடியாது. கதவைத் தட்டி மீண்டும் உள்ளே போக ஓர் ஹார்டி கிடைக்காத இராமானுஜன்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

அதே கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றவர் உ.வே. சாமிநாதையர். அவருடைய கல்வி முழுவதும் தமிழ்வழிப்பட்டது. அவ்வாண்டு கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் மரியாதையின் பொருட்டுக் காணச் சென்றார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்ததைச் சொன்ன சாமிநாதையரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்தே 1887-இல் சிந்தாமணிப் பதிப்பும், அதன்பின் சங்க நூற்பதிப்புகளும் பிறந்தன. கேட்டவர் ஆங்கிலம் கற்று நீதித்துறையில் பதவி வகித்தவர் என்பது கவனிக்கத்தக்கது. ஆங்கிலம் கற்றவர் தமிழை மறப்பார் என்ற எளிய வாய்பாடு இங்கே பொருந்தவில்லை.

ஆனால் வாய்பாடு பொருந்திய இடங்களும் உண்டு. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அதனைக் கண்ணால் கண்டவர். அவர் உயர்நீதிமன்றத்துக்கு முற்பட்ட சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். 1879-இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், நீதிபதியும் தமிழர், வழக்காடுவோரும் தமிழர், வழக்கறிஞரும் தமிழராயிருக்க, வழக்கு மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதை எள்ளி நகையாடினார். ஆங்கிலம் நன்கு அறிந்தவரின் எள்ளல் அது. தம் நிலம் பற்றித் தம் முன்னாலேயே என்ன பேசுகிறார்கள் என்று விளங்காமல் நின்ற குடியானவனை அவர் நாள்தோறும் பார்த்திருந்தார். சொல்வளம் என்பது ஒருவன் அறிந்த சொற்களின் தொகை மட்டுமன்று. எதிரே நிற்பவனுக்கு விளங்குமாறு அதிலிருந்து எடுத்துத் தருவதும் சேர்ந்தது என்பதே அவர் தம் பணியால் காட்டியது.

படுகையின் ஆங்கிலப் புகழுக்கு உச்சி என்று சொல்லத்தக்கவர் வலங்கைமான் வி.ச. சீனிவாச சாஸ்திரியார். 1869-இல் பிறந்தவர், எளிய புரோகிதக் குடும்பத்தவர், கும்பகோணத்தில் பள்ளிக் கல்வியும் கல்லூரிக் கல்வியும் பெற்றார். மாயூரத்தில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-இல் சேர்ந்தார். பின்னாளில் பிரிவி கவுன்சில் உறுப்பினர், தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று உயர்ந்தார். ஆங்கிலேயரே அவரது ஆங்கிலத்தை வியந்து ‘வெள்ளி நாவினர்’ என்றனர்.

அவருடைய சொல்வளத்தின் தன்மையை ஒரு செய்தி காட்டும். காந்தியடிகளின் தன்வரலாற்றை மகாதேவ தேசாய் குஜராத்தியிலிருந்து ஆங்கிலமாக்கினார். 1940-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலப் புலமைக்குப் பேர்பெற்ற மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மொழிபெயர்ப்பைச் செப்பனிட்டதாகவும், தம் பெயரை வெளியிடலாகாது என்று அவர் நிபந்தனை விதித்ததாகவும் தேசாய் குறிப்பிட்டார். அந்த நண்பர் சாஸ்திரியாரே என்பது பின்னர் அறியப்பட்டது. அந்நூலைப் படித்தோர் அறிவர்: அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் அதில் அரிது. பெருஞ்செல்வத்தை உடையவர் அதனைச் செலவிட்டது பிறருடைய எளிய வாக்கியத்தை நேராக்குவதற்கு. காந்தியின் அரசியலோடு பல இடங்களில் உடன்படாதவர் அவர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். உயர்நிலைச் சொல்வளம் என்றாலே அருஞ்சொல் குவியல் என்று நினைக்கும் நம் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

அவரிடமிருந்து நாம் பெறும் பாடம் இன்னொன்றும் உண்டு, அது எதிர்மறையானது. பள்ளிகளில் அறிவியலைத் தாய்மொழியில் கற்பிப்பதற்கான கலைச்சொற்களை ஆராயச் சென்னை மாகாண அரசு 1940-இல் சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஆங்கிலச் சொற்களையும் வடசொற்களையும் ஒட்டியே கலைச்சொற்கள் அமைய வேண்டும் என்ற போக்கு அதில் மேலோங்கியிருந்தது. தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதற்கு முன்பே, 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்க் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கமும் இதழும் நடத்தியிருந்தனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொல் தொகுதியொன்றை வெளியிட்டிருந்தது. அவ்வுழைப்பு புறக்கணிக்கப்படுகிறது என்பதே எதிர்ப்பின் அடிப்படை. அரசு பின்னர்த் தமிழறிஞர்களையும் குழுவில் சேர்க்க நேர்ந்தது. ஆங்கிலத்தில் இன்ன இடத்துக்கு இன்ன சொல்தான் என்று கண்டறிந்து கூறிய ஒருவரின் தலைமையில், தமிழ்ப் பிள்ளைக்கு எந்தச் சொல் விளங்கும் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. ஒரு மொழியில் பெற்ற கூர்மை இன்னொரு மொழிக்குத் தானாக வந்துவிடாது. அங்கும் அதே உழைப்பு வேண்டும்.

இதுவரை, ஆங்கிலச் சொற்கள் நம் படுகைக்கு வந்த கதையைப் பார்த்தோம். இங்கிருந்து சொற்கள் போன கதையும் உண்டு. அதன் நடுவில் நிற்பவர் ஆர்தர் கோக் பர்னெல். 1840-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1860-இல் சென்னை ஆட்சிப்பணிக்கு வந்து, தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அவர் செய்த அட்டவணை 1880-இல் வெளிவந்தது. தென்னிந்திய எழுத்து வரலாறு பற்றிய அவரது நூல் இன்றும் மேற்கோளாகிறது. இவ்வளவுக்கும் இடையே, இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சிலும் எழுத்திலும் புகுந்த சொற்களை அவர் தொகுத்துக்கொண்டிருந்தார். அதே வேலையில் ஈடுபட்டிருந்த ஹென்றி யூலுடன் சேர்ந்து அதனை அகராதியாக்க முனைந்தார். 1882-இல், 42 வயதில், பர்னெல் இறந்தார். யூல் அதனை முடித்து 1886-இல் ‘ஹாப்சன் – ஜாப்சன்’ என்று வெளியிட்டார். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்தவர்கள் இந்தியச் சொற்களுக்கு அதனைப் பெரிதும் எடுத்தாண்டார்கள். ஆங்கிலச் சொல்வளத்தின் வரலாற்றில் ஒரு பங்கு, தஞ்சையில் நீதிமன்ற வேலை முடிந்தபின் எரிந்த விளக்கொளியில் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

அந்த அகராதியில் ‘அனிகட்’ என்று ஒரு சொல் உண்டு. நம் ‘அணைக்கட்டு’ தான் அது. அச்சொல்லுக்கு அங்கே தரப்படும் பழைய சான்று, 1776-இல் சென்னை ஆலோசனைச் சபையார் தஞ்சையில் இருந்த படைத்தலைவருக்கு எழுதிய கடிதம். அரசர் கரை சீர்செய்வதைப் பார்வையிட அணைக்குச் செல்வது பற்றியது. கல்லணையின் பெயரே ஆங்கில ஆவணங்களில் ‘கிராண்ட் அனிகட்’ ஆயிற்று. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் கட்டினார். கல்லணையைக் கண்டு அவர் கற்ற பாடம் கோதாவரிக்கும் போயிற்று. சொல்லும் உடன் போயிற்று. இன்று இராஜஸ்தானத்து வறண்ட ஓடைகளின் குறுக்கே கட்டப்படும் சிறு தடுப்புகளுக்கும் அனிகட் என்றே பெயர். இலங்கைப் பாசனப் பொறியாளரும் அச்சொல்லை வழங்குகின்றனர். நீரைத் தேக்காமல் திருப்பிவிடும் கட்டுமானம் என்ற கருத்துக்கு ஆங்கிலம் தனக்கென ஒரு சொல்லை வைத்திருந்தும், நம் சொல்லை ஏற்றது. நாம் செய்த வேலை அவர்கள் செய்ததினும் மேம்பட்டதாக இருந்த இடத்தில் நம் சொல் நிலைத்தது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், குருந்தம் ஆகியவையும் இவ்வாறே உருமாறி ஆங்கில அகராதியில் குடியேறின. இவற்றைக் கேட்டு மகிழ்வது எளிது. மகிழ முடியாத சொல் ஒன்றும் உண்டு.

உயர்நிலை ஆங்கிலச் சொற்பட்டியல்களில் ‘பரையா’ என்ற சொல் இடம்பெறுகிறது. சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், தீண்டத்தகாதவர் போல் நடத்தப்படுபவர் என்று எதிரே பொருள் போட்டிருக்கும். உலக அரசியல் பற்றிய செய்தித்தாள் கட்டுரைகளில், பிற நாடுகளால் விலக்கிவைக்கப்பட்ட ஒரு நாட்டைக் குறிக்க இச்சொல்லை அடிக்கடி காணலாம். பறை என்னும் இசைக்கருவியின் பெயரை ஒட்டியது நம் சமூகப் பெயர் ஒன்று. அதுவே இந்தச் சொல்லின் மூலம் என்று ஹாப்சன் – ஜாப்சன் கூறுகிறது. ஒரு குறிப்பிட்ட மக்களின் பெயரை, ஒதுக்கப்பட்ட எவருக்கும் உரிய பொதுப்பெயராக்கியது ஐரோப்பியரின் வழக்கு. 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் டி செயின்ட் பியர் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்னும் கதை அச்சொல்லை ஐரோப்பா முழுதும் பரப்பியது.

பெயருக்கு உரியவர்கள் வாளா இருக்கவில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் அப்பெயரையே தலைப்பாக வைத்து ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட பெயரை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்ட செயல் அது. பின்னாளில் அவர் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அமர்ந்தார். எம்.சி. ராஜாவின் தீர்மானத்தை அடுத்து 1922-இல் சென்னை அரசு தன் ஆவணங்களில் அப்பெயரை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று வழங்கலாயிற்று. அரசு ஆவணம் நூறாண்டுக்கு முன்பு கைவிட்ட பெயர், அயல்மொழியின் அகராதியில் இழிபொருளோடு தொடர்ந்து வாழ்கிறது. இன்று அது நம்மிடமே ‘உயர்நிலைச் சொல்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது.

தஞ்சைப் படுகையின் ஏதோ ஒரு தெருவிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண், இரவு விளக்கடியில் அமர்ந்து இச்சொல்லை எழுதி எழுதிப் பார்க்கிறாள் என்று கொள்வோம். எழுத்துக்கூட்டும் பொருளும் அவளுக்குத் தெரிந்துவிடும். தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் வரும். அச்சொல் தன் கொள்ளுப்பாட்டனின் பெயர் என்பதை மட்டும் எந்தப் பட்டியலும் அவளுக்குச் சொல்லாது. இதனையே நாம் சொல்வளம் என்று அழைக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இதற்கு மறுதலையான சொல்லும் இப்படுகையில் உண்டு. 1952-இல் சென்னை அரசு தஞ்சை மாவட்டத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ‘தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்’ என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அச்சட்டத்தின் தலைப்பிலேயே ‘பண்ணையாள்’ என்ற சொல் அப்படியே நிற்கிறது. வேலைக்காரன், கூலியாள், அடிமை என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொற்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் எதுவும் பண்ணையாளின் நிலையைக் குறிக்கப் போதவில்லை. விவசாயத் தொழிலாளர் போராட்டம் ஓங்கிய காலத்தில், ஆங்கிலச் சட்டமொழி தன் வறுமையை ஒப்புக்கொண்டு நம் சொல்லைக் கடன் வாங்கிய இடம் அது. பரையா என்ற சொல் போனபோது மனிதரின் துயரம் உதிர்ந்து ஓர் உவமை மட்டும் போயிற்று. பண்ணையாள் என்ற சொல் போனபோது மனிதரும் அவருடைய உரிமையும் சேர்ந்து போனார்கள்.

அப்படியானால் நம் மாணவர் ஆங்கிலச் சொல்லைக் கற்க வேண்டாமா? கற்க வேண்டும், நன்றாகவே கற்க வேண்டும். வாசலில் அந்தத் தடி இன்றும் நிற்கிறது. தேர்வும் வேலையும் அதைக் கேட்கின்றன. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு இல்லை. கற்கும் வழியைப் பற்றியே நாம் பேசுகிறோம். அதற்குரிய கருவி தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது.

நன்னூல் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரித்துக் காணக் கற்பிக்கிறது. பள்ளியிலேயே பகுபத உறுப்பிலக்கணம் எழுதிப் பழகியவர்கள் நம் பிள்ளைகள். ‘மேனுஸ்கிரிப்ட்’ என்ற சொல்லை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். முன்பாதி இலத்தீனில் கை; பின்பாதி எழுதப்பட்டது. கையெழுத்துப் படி என்று நாம் சொல்வதும் அதையேதான். கை என்ற அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டால் ‘மேனுவல்’ வரும், ‘மேனுஃபாக்சர்’ வரும். எழுத்து என்ற பகுதியைப் பிடித்தால் ‘ஸ்கிரிப்ட்’, ‘டிஸ்கிரிப்ஷன்’, மருத்துவர் எழுதித் தரும் ‘பிரிஸ்கிரிப்ஷன்’ எல்லாம் ஒரே குடும்பமாக வந்து நிற்கும். நார்மன் லூயிஸ் தம் நூலில் செய்வதும் பெரும்பாலும் இந்த வேர்வழிக் கல்வியே. பவணந்தியாரைப் படித்த மாணவருக்கு அது புதிய வித்தையாகத் தோன்ற வேண்டியதில்லை.

நிகண்டின் வழியும் உதவும். ஆற்றைப் பற்றிய சொற்கள் ஒரு தொகுதி, நீதிமன்றச் சொற்கள் ஒரு தொகுதி, நோய்ப்பெயர்கள் ஒரு தொகுதி என்று தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கம் பக்கமாக எழுதி வைக்கலாம். ஆங்கிலத்துக்கு நேரான தமிழ்ச் சொல் தெரியாத இடத்தில் தேட வேண்டும். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் இருக்கிறது. 1981-இல் தஞ்சையிலேயே தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியத் தொகுதிகள் இருக்கின்றன. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று பத்துச் சொற்களைப் பிரித்துக் காட்டினால் போதும். அதற்குத் தனி நிதியோ திட்டமோ வேண்டியதில்லை.

அந்தப் பத்துச் சொற்களுள் ‘அனிகட்’ இருக்கட்டும், ‘பரையா’வும் இருக்கட்டும். முன்னதைச் சொல்லும்போது கல்லணையையும், பின்னதைச் சொல்லும்போது 1893-ஐயும் 1922-ஐயும் சேர்த்துச் சொல்வோம். அச்சொல்லை எழுதலாமா, எந்த இடத்தில் மறுக்க வேண்டும், அதற்கு ஈடாக வேறு எந்த ஆங்கிலச் சொல்லை வைக்கலாம் என்று தீர்மானிப்பதை அந்த மாணவியிடமே விட்டுவிடலாம்.